250 வராகன் வந்த வழி

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் போகிறவர் பதினைந்து கிலோமீட்டருக்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைக் கடந்துவிடுகிறார். ஆறுகள் ஓடும் இந்த ஊர்களுக்கு ஒரு பணமும் ஓடி வந்துகொண்டிருக்கிறது. அரசாங்கக் கஜானாவில் புறப்பட்டு, அரசாங்கம் நடத்தாத பள்ளிக்கூடத்தில் போய்ச் சேரும் பணம் அது. கோப்புகளில் அதன் பெயர் மானியம். அதை வாங்கும் பள்ளியை ஊரில் எய்டட் ஸ்கூல் என்பார்கள். பெயர்ப்பலகையில் அரசு உதவி பெறும் பள்ளி என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இன்று அப்படிப்பட்ட பள்ளிகள் எட்டாயிரத்துக்கும் மேல். திருவையாற்றின் சீனிவாசராவ் மேல்நிலைப்பள்ளியும் அந்தக் கணக்கில் வருவதுதான்.

அமெரிக்காவில் 1991-ல் சார்ட்டர் பள்ளி என்ற பெயரில் தொடங்கிய ஏற்பாடும் ஏறக்குறைய இதே சங்கதி. பணம் அரசுடையது, நிர்வாகம் வேறொருவருடையது, பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது. அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே விவாதம்: அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை மற்றப் பள்ளிப் பிள்ளையைவிடக் கூடுதலாகக் கற்கிறதா? தஞ்சை மண்ணில் இந்தப் பணம் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நடமாடத் தொடங்கிவிட்டது. அந்தக் கேள்வியை மட்டும் அது வழியில் ஒரே ஒரு முறைதான் கேட்டது. அதையும் தப்பாகக் கேட்டது.

தஞ்சையில் ஆரம்பம்

1780-களில் தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக, அதாவது ரெசிடெண்டாக, இருந்தவர் ஜான் சல்லிவன். இந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் பள்ளிகள் வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். அதை நடத்திக் காட்டும் பொறுப்பு கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வந்தது. தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று ஊர்களில் பள்ளிகள் எழுந்தன. 1787-ல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர் சபை, பள்ளிக்கு ஆண்டுக்கு 250 வராகன் வீதம் ஒதுக்கியது. பின்னாளில், 1818-ல், கம்பெனி வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வகுத்தது. அந்தக் கணக்கில் ஒரு பள்ளிக்கு வருஷத்துக்கு 875 ரூபாய்.

எதை நம்பிக் கொடுத்தார்கள்? தேர்வு இல்லை, ஆய்வாளர் இல்லை, விதிப்புத்தகம் இல்லை. ஒரு மனிதரை நம்பிக் கொடுத்தார்கள். ஜெர்மனியில் பிறந்து, தமிழில் பேசிப் பழகிய அந்தப் பாதிரியாரைத்தான் 1779-ல் கம்பெனி ஹைதர் அலியிடம் தூது அனுப்பியது. தஞ்சை அரண்மனையும் இளவரசர் சரபோஜியின் பாதுகாப்பை அவரிடம் ஒப்படைத்திருந்தது. இத்தனை பேர் நம்பிய ஒருவரிடம் கம்பெனி கணக்குக் கேட்கவில்லை. பள்ளியிடம் அது எதிர்பார்த்தது இங்கிலீஷ் தெரிந்த உத்தியோகஸ்தர்களை. அது கிடைத்தது, கம்பெனிக்கு அது போதும்.

அதே 1787-ல் திருவையாற்றில் தியாகராஜருக்கு இருபது வயது. பின்னாளில் அவர் வீட்டில் நடந்த சங்கீதப் பாடம் எந்தக் கஜானாவையும் தொடாதது. உஞ்சவிருத்தி எடுத்து வந்த அரிசியில் குருவும் சீடர்களும் சாப்பிட்டார்கள். வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று சீடர்களின் ஊர்ப் பெயரால் மூன்று பாடாந்தரங்கள் அங்கிருந்து கிளம்பி இன்றும் பாடப்படுகின்றன. பணமில்லாமல் கல்வி நடக்கும் என்று இதை வைத்து வாதாடிவிடக் கூடாது. அந்த வீட்டுக்குள் போக முடிந்தவர்கள் கைவிரலில் எண்ணக்கூடியவர்கள். எல்லோர் வீட்டுப் பிள்ளைக்கும் என்று வரும்போது யாராவது ஒருவர் சம்பளம் கொடுத்தாக வேண்டும்.

எல்லோருக்கும் இல்லாவிட்டாலும் பலருக்கு அப்போதே பள்ளி இருந்தது. கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் சென்னை மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கெடுக்கச் சொன்னார். தஞ்சை கலெக்டர் மறு வருஷம் அனுப்பிய கணக்கில் 884 பள்ளிகளும் 109 உயர்கல்விக் கூடங்களும் இருந்தன. திண்ணையில் மணலைப் பரப்பி எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்குப் பெற்றோர் நெல்லாகவும் காசாகவும் கொடுத்தார்கள். மானியம் அந்தத் திண்ணைக்கு வந்து சேர இன்னும் நாற்பது வருஷம் இருந்தது.

தலைக்கு இவ்வளவு, பாடத்துக்கு இவ்வளவு

1854 ஜூலையில், லண்டனில் இந்திய விவகாரங்களைக் கவனித்த சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தப் பணத்துக்கு ஒரு சட்டை மாட்டிவிட்டது. பள்ளிகளை எல்லாம் சர்க்காரே நடத்த வேண்டியதில்லை. தனியார் நடத்தட்டும், சர்க்கார் பங்கு கொடுக்கட்டும். மதத்தில் தலையிட வேண்டாம். ஆனால் ஆய்வாளர் வந்து பார்ப்பார். அடுத்த ஆண்டே சென்னை மாகாணம் மானிய விதிகளை வெளியிட்டது. மனிதரை நம்பிக் கொடுத்த பணம், விதியை நம்பிக் கொடுக்கும் பணமானது.

அந்த விதிகளால் பெரிய மிஷன் பள்ளிகள் பயன் பெற்றன. தகுதிபெற்ற ஆசிரியர், வருகைப் பதிவேடு, வரவு செலவுக் கணக்கு எல்லாம் அவர்களிடம் இருந்தன. திண்ணை வாத்தியாரிடம் எதுவும் இல்லை. அவரை உள்ளே கொண்டுவர 1860-களில் வேறொரு வழி வந்தது. பள்ளி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டாம், பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம் என்றார்கள். இங்கிலாந்தில் ராபர்ட் லோவ் 1862-ல் கொண்டுவந்த முறை அது. டெபுடி இன்ஸ்பெக்டர் வருஷத்துக்கு ஒரு முறை வருவார். வாசிக்கச் சொல்வார், எழுதச் சொல்வார், கணக்குப் போடச் சொல்வார். எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தேறியதோ அதற்கு இவ்வளவு என்று வாத்தியாருக்குப் பணம்.

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கற்றலுக்குக் கூலி. திண்ணைப் பள்ளிகள் பல இதனால்தான் சர்க்கார் கணக்கில் ஏறின. 1882-ல் கல்வியை ஆராய ஹண்டர் கமிஷன் வந்தபோது சென்னை மாகாணத்தின் தொடக்கக் கல்வியே பெரும்பாலும் இந்த முறையில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் கூலி எதற்கோ அதைத்தான் வாத்தியார் விளைவிப்பார். இன்ஸ்பெக்டர் திறக்கப்போகும் பக்கம் பிள்ளைக்கு மனப்பாடம். கேட்கப்படாத பாடத்துக்கு நேரமில்லை. தேறுவான் என்ற நம்பிக்கை இல்லாத பையன் மேல் மெனக்கெடுவது வாத்தியாருக்கு நஷ்டம். இங்கிலாந்தில் பள்ளி ஆய்வாளராக இருந்த கவிஞர் மாத்யூ ஆர்னால்ட் இந்த முறையை வருஷக்கணக்கில் கண்டித்து எழுதினார். இங்கே 1904-ல் வைஸ்ராய் கர்சன் காலத்துக் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிடச் சொன்னது.

தவறு அளந்ததில் இல்லை. எதிலிருந்து அளந்தோம் என்பதில் இருந்தது. அந்த முறை பிள்ளை வந்து சேர்ந்த இடத்தைப் பார்த்தது. புறப்பட்ட இடத்தைப் பார்க்கவில்லை. வீட்டில் ஏட்டுச்சுவடி உள்ள பையனும், அந்தத் தெருவில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த பையனும் ஒரே தேர்வுக்கு நின்றார்கள். முதல் பையனுக்கு வாத்தியார் செய்தது கொஞ்சம், கிடைத்தது முழுக்கூலி. இரண்டாமவனுக்கு அவர் செய்தது மலையளவு, கிடைத்தது ஒன்றுமில்லை.

ஒரு நூற்றாண்டு கழித்து, 2005-க்குப் பிறகு, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் அரசுப் பள்ளிகளில் இதே யோசனையைத் திருத்திப் பரிசோதித்தார்கள். ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் பிள்ளைகளை அளந்து, முன்னேற்றம் எவ்வளவோ அதற்கு ஆசிரியருக்கு ஊக்கத்தொகை. எந்தப் பள்ளிக்கு ஊக்கத்தொகை என்பதைக் குலுக்கலில் முடிவு செய்தார்கள். இரண்டு ஆண்டுகளில் கணக்கிலும் மொழிப்பாடத்திலும் அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் தெளிவாக முந்தினார்கள். லோவ் கேட்ட கேள்விதான். கேட்ட விதம் வேறு.

கரந்தையில் ஒரு நிறுத்தம்

விளைவுக்குக் கூலி என்ற முறை போன பிறகு மானியம் சம்பளத்தின் பக்கம் சாய்ந்தது. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து ஆசிரியர் ஊதியத்தில் பங்கு கொடுப்பது வழக்கமானது. இந்தக் காலத்தில்தான் மானியம் பாதிரிமார்களைத் தாண்டி, உள்ளூர்ச் சங்கங்களுக்கும் தனவந்தர்களுக்கும் வாத்தியார்களுக்கும் பரவியது. காவிரிக் கரையில் ஒரு வாத்தியாரே தொடங்கி, அவரே தலைமையாசிரியராகவும் நிர்வாகியாகவும் இருந்த தொடக்கப்பள்ளிகள் கிராமத்துக்குக் கிராமம் முளைத்தன. பள்ளிக்கு அரசு வைத்த பெயர் ஒன்று; ஊரில் அந்த வாத்தியார் பெயராலேயே வழங்கும்.

திருவையாற்றுச் சாலையில் முதலில் வரும் கரந்தையில் 1911-ல் தமிழ்ச் சங்கம் எழுந்தது. அதை வளர்த்த உமாமகேசுவரனார் பெயரில் இயங்கும் மேல்நிலைப்பள்ளி இன்றும் அரசு உதவி பெறும் பள்ளி. நிர்வாகம் தனியாருடையது என்றால் லாபக் கணக்கு என்று மட்டுமே இன்று நினைக்கிறோம். கரந்தையில் அதன் பொருள் ஒரு மொழிக் கொள்கை. 1920-களில் திருவையாற்று வடமொழிக் கல்லூரியில் தமிழுக்கு இடம் வாங்கித் தந்ததில், ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ. டி. பன்னீர்செல்வத்தோடு உமாமகேசுவரனாருக்கும் பங்குண்டு. சத்திரத்துச் சொத்தில் நடந்த அந்தக் கல்லூரிதான் அரசர் கல்லூரி. பொதுப்பணம் வாங்கும் கல்விக்கூடம் எந்த மொழிக்கு இடம் தர வேண்டும் என்று கேட்கும் உரிமை ஊருக்கு உண்டு என்பதை அந்த முயற்சி நிலைநாட்டியது.

1950-ல் அரசமைப்புச் சட்டம் இந்த உரிமையை இன்னும் உயரத்தில் எழுதிவைத்தது. அரசு நிதியுதவி பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் மதம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணம் காட்டி ஒரு குடிமகனுக்கு இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29-வது பிரிவு. 250 வராகன் நடந்து வந்த வழியில் அதற்குக் கிடைத்த மிகப் பெரிய நிபந்தனை இது. வாசலைத் திறந்துவைக்கச் சொல்லும் நிபந்தனை.

அதற்குப் பின் ஆசிரியர் சம்பளம் முழுவதும் மானியத்துக்குள் வந்தது. 1973-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் ஆசிரியரை நிர்வாகம் நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி காவல் போட்டது. அந்தக் காவல் அவசியமானது. அதற்கு முன் ஆசிரியர்கள் பட்ட பாட்டைப் பழைய தலைமுறையைக் கேட்டால் தெரியும். ஆனால் இதற்குப் பிறகு ஏற்பாடு விநோதமாகிவிட்டது. ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம். சம்பளம் தருவது அரசு. பாடத்திட்டம் அரசுடையது, தேர்வும் அரசுடையது. கட்டடம் நிர்வாகத்துடையது. பிள்ளை கற்கவில்லை என்றால் யாரிடம் கேட்பது? தாளாளரிடம் கேட்டால் கல்வி அலுவலகத்தைக் காட்டுவார். அலுவலகத்தில் கேட்டால் நிர்வாகத்தைக் காட்டுவார்கள். கல்லணையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வரவில்லை என்றால் எந்த மதகில் நிற்கிறது என்று நடந்து போய்ப் பார்த்துவிடலாம். இங்கே அதற்கும் வழியில்லை.

1991: அங்கே திறப்பு, இங்கே அடைப்பு

1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கும் பள்ளிகள் சுயநிதியில்தான் நடக்க வேண்டும், புதிதாக மானியம் கிடையாது என்று தமிழ்நாடு அரசு முடிவெடுத்தது. அதே 1991-ல்தான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் முதல் சார்ட்டர் பள்ளிச் சட்டத்தை நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதல் பள்ளி திறந்தது. நாம் கதவை அடைத்த வருஷத்தில் அவர்கள் திறந்தார்கள்.

அவர்கள் போட்ட ஒப்பந்தம் வேறு மாதிரி. சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி. அதற்குள் பிள்ளைகள் இவ்வளவு கற்க வேண்டும் என்று எழுத்தில் இலக்கு. எட்டாவிட்டால் அனுமதி புதுப்பிக்கப்படாது. பதிலுக்கு ஆசிரியர் நியமனத்திலும் பாடநேரத்திலும் சுதந்திரம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கல்.

விளைவு என்ன? ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் கிரீடோ ஆய்வு மையம் 2009-ல் 16 மாநிலங்களைப் பார்த்தது. கணக்குப் பாடத்தில் 17 சதவீத சார்ட்டர் பள்ளிகள் பொதுப்பள்ளிகளை மிஞ்சின. 37 சதவீதம் பின்தங்கின. மீதிக்கு வித்தியாசம் இல்லை. 2023-ல் அதே மையம் வெளியிட்ட ஆய்வில் நிலை மாறியிருந்தது. சராசரியாக, சார்ட்டர் மாணவர் ஓர் ஆண்டில் வாசிப்பில் 16 நாள் பாடத்துக்கும், கணக்கில் 6 நாள் பாடத்துக்கும் சமமான அளவு முந்தியிருந்தார். ஆனால் சராசரி பலதையும் மறைக்கும். பாஸ்டன் நகரத்து ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளில் முன்னேற்றம் மிகப் பெரிது. இணையத்தில் மட்டுமே நடந்த சார்ட்டர் பள்ளிகளில் பிள்ளைகள் பெரிதும் பின்தங்கினார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர்.

பாஸ்டன் முடிவை ஆய்வாளர்கள் நம்புவதற்குக் காரணம் குலுக்கல். விண்ணப்பித்த எல்லா வீடும் அக்கறையுள்ள வீடுதான். குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளையையும் கிடைக்காத பிள்ளையையும் பின்தொடர்ந்து ஒப்பிட்டால், வித்தியாசம் பள்ளியால் வந்தது என்று சொல்லலாம்.

குலுக்கல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கும்பகோணத்திலேயே உதாரணம் உண்டு. இன்று அரசு உதவி பெறும் பள்ளியாக இருக்கும் டவுன் ஹைஸ்கூலில் 1898-லிருந்து 1904 வரை ராமானுஜன் படித்தார். கணக்கில் பரிசு வாங்கினார். அங்கிருந்து அதே ஊர் அரசுக் கல்லூரிக்குப் போனார். மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். இதை வைத்துப் பள்ளி சிறந்தது, கல்லூரி மோசம் என்று சொல்ல முடியுமா? மாணவரின் பெருமை வேறு, பள்ளி அந்த மாணவருக்குச் செய்தது வேறு. நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் துணிப்பதாகை கட்டும் எந்தப் பள்ளியையும் இந்தக் கேள்வியோடுதான் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு எய்டட் பள்ளிகளை அப்படிப் பார்த்த ஆய்வுகள் சொற்பம். கீதா கிங்டன் 1996-ல் வெளியிட்ட லக்னோ நகர ஆய்வு ஒன்று. பிள்ளைகளின் வீட்டுப் பின்னணியைக் கழித்துப் பார்த்தால், உதவி பெறும் பள்ளிகள் அரசுப் பள்ளிகளைவிடச் சிறப்பாக இல்லை என்று அது கண்டது. தனியார் நிர்வாகம் என்ற பெயரே ஒரு பலனைத் தந்துவிடாது என்பது அமெரிக்காவும் லக்னோவும் ஒரே குரலில் சொல்வது.

தலை எண்ணும் பணம்

இன்றைக்கு மானியம் பள்ளியைக் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை பிள்ளைகள் என்பது. அந்த எண்ணை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கப்படுகிறது. தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர். எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியர் சர்ப்ளஸ், அதாவது உபரி, ஆவார். டெல்டா கிராமங்களில் காலை ஏழரைக்கே மெட்ரிக் பள்ளி வேன் வந்து நிற்கிறது. எய்டட் பள்ளி ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் வீடு வீடாக ஏறி இறங்குகிறார்கள். பாடம் நடத்தியதற்காக அவர்கள் வேலை நிலைப்பதில்லை, பிள்ளை பிடித்ததற்காக நிலைக்கிறது.

இந்தப் பணத்தின் வரலாற்றில் மிகக் கறுத்த நாளும் டெல்டாவில்தான். 2004 ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணம் ஸ்ரீகிருஷ்ணா உதவி பெறும் பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், மேலே கீற்றுக்கூரை, இறங்கி ஓட வழி போதாது. மானியம் வாங்கிய பள்ளி அது. பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத் தெரிந்த நிர்வாக இயந்திரத்துக்கு, பிள்ளை உட்காரும் கூரையைப் பார்க்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பள்ளிக் கீற்றுக்கூரைகள் இறங்கின.

எய்டட் பள்ளிப் பிள்ளை அரசுப் பிள்ளையா, தனியார் பிள்ளையா என்பதில் அரசுக்கே இன்னும் குழப்பம். 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. எய்டட் பிள்ளைகள் அதில் இல்லை. 2022-ல் காலை உணவுத் திட்டம் வந்தது. அப்போதும் அவர்கள் இல்லை. 2024 ஜூலையில் கிராமப்புற எய்டட் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற எய்டட் பள்ளிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. பக்கத்துத் தெரு அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் எய்டட் பிள்ளைக்கும் வயிறு ஒன்றுதான் என்று ஒப்புக்கொள்ள இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. மருத்துவ இடத்தில் அந்த ஒப்புதல் இன்னும் வரவில்லை.

இத்தனை தூரம் வந்த பணம் காட்டும் பாடம் எளியது. பணம் எதைக் கேட்டதோ அதைத்தான் பள்ளி கொடுத்திருக்கிறது. 1787-ல் உத்தியோகஸ்தரைக் கேட்டது, கிடைத்தது. 1860-களில் ஒரு நாள் தேர்ச்சியைக் கேட்டது, அதுவும் கிடைத்தது. 1950-ல் திறந்த வாசலைக் கேட்டது, பெருமளவு கிடைத்தது. இப்போது தலை எண்ணிக்கையைக் கேட்கிறது, பதிவேட்டில் கிடைக்கிறது. ஜூனில் வந்த பிள்ளை ஏப்ரலுக்குள் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று கேட்டால் அதுவும் கிடைக்கும். அதற்குச் சார்ட்டர் பள்ளி மாதிரி மூடுவேன் என்ற மிரட்டல் தேவையில்லை. தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் எளிய மதிப்பீடு, பள்ளி வாரியாக முன்னேற்றம், காலிப் பணியிடங்கள், கட்டடச் சான்றுகள் ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட்டால் போதும். அரசுப் பள்ளிக்கும் இதே விதி இருக்கட்டும்.

அரசு தானாக இதைச் செய்யும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எய்டட் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர். எய்டட் பள்ளிகளில் அந்தக் குழு ஆலோசனை மட்டும்தான் சொல்லலாம். உங்கள் பிள்ளை எய்டட் பள்ளியில் படித்தால், அந்தக் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்க வேண்டாம். மூன்றாம் வகுப்பில் எத்தனை பேர் இன்னும் சரளமாகத் தமிழ் வாசிக்கவில்லை, அவர்களுக்கு இந்த வருஷம் என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். அங்கே ஆசிரியர் வாங்கும் சம்பளம் உங்கள் வரிப்பணம். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.